ஆர்விக் துரையின் எட்டாவது புத்தகம்

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆனி மாசம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி சுமாருக்குக் கருங்காலூர் காலனியில் காத்தாயிக்குப் பேச்சு நின்றது. அதே செவ்வாய்க்கிழமை, அதே பத்து மணிக்கு, தேர்வீதி நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்த ஆர்விக் துரையின் புத்தகங்கள் பேச ஆரம்பித்தன. ஊரின் ஒரு பக்கம் ஒரு வாய் அடைத்துப் போகிறது, இன்னொரு பக்கம் ஏழு வாய் திறக்கிறது, நடுவில் இருப்பது ஒரு வாய்க்காலும் ஒரு தெருவும்தான், ஆனாலும் இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த ஊரில் ஒரு நாதி இல்லை. கேட்டவள் ஒருத்திதான், அவளும் நூலகம் கூட்டுகிறவள்.

துரை யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். எட்கர் ஹார்விக் என்பது முழுப்பெயர், ஊர் வாயில் ஆர்விக். இங்கிலாந்தில் மேடையேறி நடித்தவர், முதல் உலக யுத்தத்தின்போது பட்டாளத்துக்காரர்களுக்கு நாடகம் போட ஒரு கம்பெனியோடு கப்பலேறி வந்தவர், மலேரியா கண்டு மலையடிவாரத்து பங்களாவில் பத்து நாள் ஓய்வு என்று படுத்தவர் ஒன்பது வருஷம் அங்கேயே கிடந்தார். கிடந்த இடத்தில் ஏழு நாடகம் எழுதினார். ஏழும் லண்டனில் அச்சாகி, பச்சைக் காலிகோ அட்டையும் தங்க எழுத்துமாக வந்தன, மேடையேறின, அங்கத்திய பத்திரிகைகள் ஆகா ஓகோ என்றன. சீமைக்குத் திரும்பும்போது ஒரு செட்டு புத்தகத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போய், அங்கே செத்தும் போனார். அன்றிலிருந்து கருங்காலூருக்குத் தலைகால் புரியாத பெருமை. நூலகத்துக்கு அவர் பெயர், பள்ளிக்கூடத்துக் கோப்பைக்கு அவர் பெயர். அந்த ஏழையும் முழுசாகப் படித்தவர் ஊரில் ஒருத்தர்கூடக் கிடையாது என்பதை விடுங்கள், படிக்கவா பெருமை? அலமாரியின் நெற்றியில் 'உபயம்: சபாநாயகம் ரைஸ் மில்' என்று எழுதியிருந்த எழுத்து, உள்ளே இருந்த துரையின் பெயரைவிட நாலு மடங்கு பெரிசு.

அந்தச் செவ்வாய்க்கிழமை நூலகர் ஞானப்பிரகாசம் ராமபாணப் பூச்சி பார்க்க மூன்றாவது புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். பிரித்த பக்கத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல் எழுந்தது. தமிழ்க் குரல். ஒப்பாரி.

'நெல்லுக் குதிருக்குள்ள நெஞ்ச வச்சுப் பூட்டுனியே,
சாவி எங்க வச்ச சாமி, சாகையில சொல்லலியே…'

ஞானப்பிரகாசம் புத்தகத்தை மூடினார், குரல் நின்றது. பிரித்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவர் இன்னொரு தடவை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பதிவேட்டை எடுத்து 'மூன்றாம் தொகுதி: பேசுகிறது' என்று குறித்து வைத்தார், அவ்வளவுதான். மனுஷன் முப்பது வருஷ அரசாங்க வேலையில் இருந்தவர், எதையும் முதலில் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் ஆச்சரியப்படுவார்.

வாசலில் கூட்டிக்கொண்டிருந்த செவந்தியின் கையிலிருந்து விளக்குமாறு நழுவியது. "சார், அது எங்கம்மா" என்றாள்.

"எது?"

"அந்தக் குரலு. எங்கம்மா வயசுல இருந்தப்ப இப்படித்தான் இருக்கும்."

"சும்மா இரு செவந்தி" என்றார் ஞானப்பிரகாசம். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர்.

அவள் வீட்டுக்கு ஓடியபோது காத்தாயி கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தாள். வாதம் என்றார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். கை வந்தது, கால் ஓரளவு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. உதடு அசையும், தொண்டை ஏறி இறங்கும், கண்கள் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொல்லப் பார்க்கும், ஒரு முனகல்கூட வெளியே வராது. அப்படி ஒருத்தி ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாயைத் திறந்து மூடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் அந்தக் கொடுமை. செவந்திக்கு நாற்பது வயசு, புருஷன் செங்கல் சூளைக்கு என்று போனவன் போனவன்தான், பிள்ளையில்லை, உலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே வாய் அது. அவள் கேட்டதெல்லாம் ஒரு வார்த்தை. என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி, திட்டாக இருந்தாலும் சரி, அந்த வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

காத்தாயி யார் என்று தேர்வீதியில் ஐம்பது வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் தெரியும். இருபது மைல் சுற்றளவில் எந்தப் பெரிய வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பி அவளைத்தான் கூட்டி வருவார்கள். வந்து வாசலுக்கு வெளியே, பந்தலுக்கும் வெளியே, வெயிலில் உட்கார்ந்து, செத்தவனின் பிறப்பு முதல் கடைசி மூச்சு வரை, அவன் கட்டியது, இடித்தது, யார் வயிற்றில் அடித்தது, யாருக்குத் தெரியாமல் அழுதது எல்லாவற்றையும் அவனே எதிரில் நின்று பதில் சொல்வது போல வைத்துப் பாடுவாள். செத்த வீட்டில் ஒப்பாரிக்காரி என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மற்ற நாளில் வாயே திறக்கக் கூடாத ஒருத்திக்கு அந்த ஒரு நாள் மட்டும் எல்லாம் சொல்லலாம்.

துரை ஒரு சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில் அவளைக் கேட்டார். நடிகர் அல்லவா, மயிர்க்கூச்செறிந்து நின்றுவிட்டார். மறுநாளே பட்லரை விட்டு அவளை பங்களாவுக்கு அழைத்தார். ஊரில் தினமும் யாராவது சாவார்களா? சாகவில்லை. அதனால் துரை, உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி வைக்கச் சொன்னார். மணியக்காரர் செத்தால் எப்படி அழுவாய், மில்லுக்காரர் செத்தால் எப்படி அழுவாய், கோயில் தர்மகர்த்தா செத்தால்? இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருபது வயசு, வீட்டில் நாலு வயிறு, துரை அரிசி கொடுத்தார். அவள் அந்தச் சாவு யாருக்கும் ஒட்டிவிடக் கூடாது என்று ஊருக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்து அழுவாள், முடிந்ததும் மஞ்சள் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளிப்பாள், பட்லர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லத் துரை எழுதுவார். மணியக்காரர் லார்ட் ஆனார், மில்லுக்காரர் மேயர் ஆனார், வாய்க்கால் தேம்ஸ் நதி ஆயிற்று. ஏழு புத்தகம். அட்டையில் ஒரு பெயர், உள்ளே சமர்ப்பணப் பக்கத்தில் துரையின் நாய்க்குட்டியின் பெயர்.

ஆக, அலமாரி பேச ஆரம்பித்ததும் ஊர் என்ன செய்தது என்றால், முதல் வாரம் கூட்டம் போட்டு நின்று கேட்டது, இரண்டாவது வாரம் கற்பூரம் கொளுத்தியது, மூன்றாவது வாரம் கமிட்டி போட்டது. கமிட்டித் தலைவர் சபாநாயகம், வேறு யார்? இங்கிலீஷ் புத்தகம் தமிழில் பேசுவானேன் என்று யாரோ கேட்டதற்கு, ஒன்பது வருஷம் நம்ம தண்ணி குடிச்சவரு, அங்க போயாவது கத்துக்க மாட்டாரா என்றார். பொம்பளைக் குரலாக இருக்கிறதே என்றதற்கு, ஆக்டருப்பா அவரு, எந்த வேஷமும் கட்டுவாரு என்றார். ஊருக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் அடியிலேயே குரல் தெரிந்துவிட்டது. அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்கள்.

மைக் வைத்தால் குரல் உள்ளே ஒளிந்துகொண்டது, டேப் ரிக்கார்டரில் வெறும் இரைச்சல்தான் ஏறியது, அதனால் நேரில்தான் கேட்க முடியும் என்றாயிற்று. கேட்கக் கேட்க ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் அப்பனைக் கண்டுபிடித்தார். கஞ்சன் என்றாலும் பொறுக்கி என்றாலும் ஒருத்தருக்கும் கோபமில்லை, லண்டனில் அச்சில் ஏறின வசவு அல்லவா? அதிலும் 'குதிருக்குள்ள நெஞ்ச வச்சு' என்பது எங்கப்பாதான், உங்கப்பா இல்லை என்று இரண்டு வீட்டுக்காரர்கள் நூலக வாசலிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். பிறகு கமிட்டி ஒரு ஏற்பாடு செய்தது: அவரவர் அப்பனின் திவசத்தன்று அவரவர் தொகுதி அவரவர் வீட்டுக்குப் போகும். பட்டுத்துணி விரித்த தாம்பாளத்தில் வைத்து, குடை பிடித்து, தேர்வீதி வழியாகக் கொண்டுபோய், கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே வைத்துப் பிரிப்பார்கள். காத்தாயியை வெளியே வெயிலில் உட்கார வைத்த அதே வீடுகள். இப்போது காலனிப் பொம்பளை வாசலுக்கு வர வேண்டியதில்லை, அவள் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிட வேண்டியதில்லை, குரல் மட்டும் நடுக்கூடத்தில் வந்து அழுதது. தீட்டில்லாத ஒப்பாரி! நாலு தலைமுறையாக ஊர் தேடிக்கொண்டிருந்தது அதுதானே.

செவந்தி ஆடி மாசம் முதல் வெள்ளிக்கிழமை சபாநாயகத்தின் மில்லுக்குப் போய், தவிட்டு மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"என்ன புள்ள?"

"சாமி, ஒரு புஸ்தகம் வேணும். ஒரு மணி நேரம் போதும். எங்கம்மா தலமாட்டுல வச்சுப் பிரிச்சா பேச்சு திரும்பிடும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அது அவங்க குரலு சாமி. உங்களுக்கே தெரியும்."

சபாநாயகம் ஒரு நெல்மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "ஏ செவந்தி, யோசிச்சுப் பாரு. புஸ்தகம் உங்க பக்கம் போயிட்டு வந்துச்சுன்னா அப்புறம் எந்த வீட்டுத் திவசத்துக்கு எடுப்பாங்க? சொல்லு."

"திவசத்துக்குக் குடுக்கறீங்களே சாமி, எங்கம்மா இன்னும் உசுரோட இருக்காங்க."

"இருக்கட்டுமே, யாரு வேண்டாங்கறது" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஓடினால் மில்லுக்குள் யார் பேசுவதும் கேட்காது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் வாயசைத்துவிட்டு வெளியே வந்தாள், அம்மாவும் மகளுமாக அன்றைக்கு ஒரே கதிதான்.

பத்து நாள் பொறுத்தாள். பதினோராவது நாள் மத்தியானம், ஞானப்பிரகாசம் சாப்பாட்டு டிபனைத் திறந்துகொண்டிருந்தபோது, இருக்கிறதில் ஒல்லியான நாலாவது தொகுதியை உருவிக் கூடைக்குள் போட்டு, மேலே குப்பையைக் கொட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு பின்சந்து வழியாக நடந்தாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். வாய்க்கால் படித்துறை வரைக்கும் ஒன்றும் இல்லை. சின்னப் பாலத்தில் கால் வைத்ததும் கூடைக்குள் என்னமோ முனகியது. மூடிய புத்தகம், பிரிக்காத புத்தகம், அது பாட்டுக்குக் குப்பைக்கு அடியில் ராகம் இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் குரல் ஏறியது, மாட்டுக்கு வீடு கிட்ட வந்தால் நடை வேகமாகும் பாருங்கள், அப்படி. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த தேர்வீதிப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருத்தி ஈரச் சேலையோடு ஓடினாள், செவந்தி பாலம் தாண்டி நூறு அடி போவதற்குள் சபாநாயகம் ராஜ்தூத்தில் வந்து குறுக்கே நிறுத்திவிட்டார்.

"எறக்குடி கூடைய!"

"அதோ தெரியுது சாமி எங்க வீடு. இன்னும் நாப்பது தப்படி. ஒரே ஒரு தடவ பிரிச்சுட்டு நானே கொண்டாந்து தர்றேன், உங்க கால்ல வேணாலும் விழறேன்."

விழுந்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு, துண்டைக் கையில் சுற்றி, கூடைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து, வண்டியைத் திருப்பினார். செவந்தி வீட்டுக்குள் போனபோது பக்கத்து வீட்டுக்காரி பொட்டியம்மா ஓடிவந்து, "இப்பத்தான்டி, செத்த முன்னாடி, உங்கம்மா 'ம்' னாங்க! சத்தமா, 'ம்' னாங்க, நான் காதால கேட்டேன்!" என்றாள். செவந்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, சத்தம் இல்லை. அன்றைக்கு அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள், நாற்பது தப்படி, நாற்பது தப்படி என்று அதையே சொல்லிச் சொல்லி.

நாலாவது தொகுதியை மூன்று நாள் வெயிலில் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்தார்கள். அலமாரிக்குப் பூட்டு வந்தது, சாவி மில்லுக்குப் போயிற்று. செவந்தியை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று ஒரு பேச்சு வந்து, அவள் போனால் கக்கூஸ் கழுவ யார் என்ற யோசனையில் அமுங்கியது. அதற்கு மேல் சபாநாயகம் பெருந்தன்மையாக ஒரு வாக்கும் கொடுத்தார்: ஆர்விக் விழா முடியட்டும், லண்டனிலிருந்து துரையின் அச்சான நூல்களை ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் ஒருத்தர் வருகிறார், அவர் வந்து போன மறுநாள் கிழவியைக் கட்டிலோடு தூக்கிப் பின்சந்துக்குக் கொண்டு வா, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டச் சொல்கிறேன். செவந்தி அதற்கும் கும்பிட்டாள்.

விழா ஆவணியில் என்றார்கள், பேராசிரியருக்கு லீவு கிடைக்கவில்லை. புரட்டாசி என்றார்கள், அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டு மெட்ராஸிலேயே படுத்துவிட்டார். ஐப்பசி பத்தாம் தேதிக்குத் தள்ளிப் போட்டார்கள். காத்தாயி அதற்குள் கட்டிலில் இருக்கிறாளா இல்லையா என்று தடவிப் பார்க்கிற அளவுக்கு வற்றிவிட்டாள். செவந்தி ஞானப்பிரகாசத்திடம் போய், "சார், பூட்டு இருந்தா என்ன, கண்ணாடிதானே, ஒடச்சுட்டு நாந்தான் ஒடச்சேன்னு சொல்லிடறேன். நீங்க ஜன்னல மட்டும் தெறந்து வைங்க" என்றாள்.

"ரெண்டு வருஷத்துல பென்ஷன், செவந்தி. மூணு பொண்ணு எனக்கு."

"எனக்கு ஒரு அம்மா சார்."

அவர் பதிவேட்டைப் பிரித்துக்கொண்டார். ஜன்னலைத் திறக்கவில்லை.

ஐப்பசி பத்தாம் தேதி மத்தியானம் தேர்வீதி முழுக்கத் தோரணம், ஏழு புத்தகமும் ஏழு தாம்பாளத்தில் மேடை மேல், வெள்ளைக்காரர் கழுத்தில் சம்பங்கி மாலை, சபாநாயகத்துக்குப் பட்டு வேட்டி. செவந்தி காலையில் வந்து மேடையைச் சுற்றிக் கூட்டிவிட்டு, அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாலு மணிக்குக் காத்தாயி கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். வாய் திறந்தது. செவந்தி தன் காதை அந்த உதட்டோடு ஒட்டி வைத்தாள், உதடு அசைவது காதில் உரசியது, சூடான காற்று பட்டது, சத்தம் மட்டும் இல்லை. அந்த உதடு அசைந்த அதே நேரம் மேடையில் ஏழு புத்தகமும் மூடியபடியே, யாரும் தொடாமல், முதல் தடவையாக ஒன்று சேர்ந்து பேசின. ராகம் இல்லை, ஒப்பாரி இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சு, நாலைந்து வாக்கியம், ஒரு பெயர், ஒரு கேள்வி. பிறகு நின்றுவிட்டது. இங்கே காத்தாயியின் உதடும் நின்றது.

பந்தலில் முதலில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்தவர்கள் குனிந்து செருப்பைத் தேடினார்கள். ஞானப்பிரகாசம், கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பழகிய கை, எல்லாவற்றையும் எழுதிவிட்டார். வெள்ளைக்காரர் அவரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு, ஏழு தொகுதியையும் புரட்டோ புரட்டு என்று புரட்டிப் பார்த்து, இப்போது கேட்டது எந்த அச்சுப் புத்தகத்திலும் இல்லை, இது ஹார்விக்கின் எட்டாவது நாடகம், இதுவரை அச்சாகாத நாடகம் என்று எழுந்து நின்று கை தட்டினார். சபாநாயகம் தட்டினார். ஊர் தட்டியது. அந்தக் கைத்தட்டல் மட்டும் வாய்க்கால் தாண்டி வந்து செவந்திக்குக் கேட்டது.

மறுநாள் காத்தாயியைத் தேர்வீதி வழியாக எடுத்துப் போக முடியாது, என்றைக்கும் முடியாது, அன்றைக்குத் தோரணம் வேறு அவிழ்க்கவில்லை. வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் எடுத்துப் போனார்கள். இருபது மைல் சுற்றளவில் எல்லாருக்கும் அழுதவளுக்கு ஒப்பாரி வைக்க ஆள் இல்லை. செவந்திக்கு அந்த வித்தை வராது. அவள் சும்மா அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு, வார்த்தையே இல்லாமல்.

புத்தகங்கள் அதற்கப்புறம் பேசவில்லை. ஊர் நாலு நாள் பிரித்துப் பிரித்துப் பார்த்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சுட்டாரு துரை என்று சபாநாயகம் சொன்னதும் விட்டுவிட்டது. திவசங்களுக்குப் பழையபடி சமையல்காரரும் பந்தலும் போதும் என்றாயிற்று. பாசி பிடித்த படித்துறையில் ஒரு நாள் தேர்வீதிக்காரி ஒருத்தி மட்டும், "அன்னிக்கு உம் பேரக்கூட…" என்று ஆரம்பித்து, சட்டென்று துணியை உதறிக்கொண்டு எழுந்து போனாள். செவந்தி அந்த அரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆறு மாசம் நடமாடினாள். ஞானப்பிரகாசம் அவள் கூட்ட வரும் நேரத்தில் சாப்பிடப் போக ஆரம்பித்தார்.

சித்திரையில் லண்டனிலிருந்து பார்சல் வந்தது. அதே பச்சைக் காலிகோ, அதே தங்க எழுத்து, எட்கர் ஹார்விக், எட்டாம் தொகுதி. பேராசிரியரின் முன்னுரை நூற்று நாற்பது பக்கம், நாடகம் மூன்று பக்கம். சபாநாயகம் அதற்கு ஒரு தனிக் கண்ணாடிப் பெட்டி உபயம் செய்தார். மறுநாள் மத்தியானம் செவந்தி தூசி தட்டும் துணியோடு வந்து, இன்னும் பூட்டு வராத பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, ஞானப்பிரகாசத்தின் மேஜை மேல் வைத்தாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், அவள் வழியில் நின்றாள்.

"இதுல என்ன சார் எழுதியிருக்கு?"

"நாடகம்மா."

"அதான், என்ன?"

"ஒரு அம்மா. சாகக் கெடக்கறா. மக பக்கத்துல இருக்கா. அவ்வளவுதான்."

"அம்மா என்ன சொல்றா?"

ஞானப்பிரகாசம் நூற்று நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கிலீஷில் வாசித்தார். செவந்தி கடைசி வரைக்கும் கேட்டாள், ஒரு சொல்லாவது தெரிந்த சொல்லாக வருமா என்று.

"தமிழ்ல சொல்லுங்க சார்."

"கடைசி வரி மட்டும் சொல்றேன். 'எலிசபெத், என் அருமை மகளே, நீ உணவருந்தினாயா?'"

"எலிசபெத்து யாரு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "இங்கிலீஷ்ல ஆக்கிக் குடுத்தது நாந்தாம்மா. துரை நாடகத்துல அந்தப் பேரு எப்படி வரும்னு கமிட்டில கேட்டாங்க. நாந்தான் மாத்தினேன்."

"அங்க வேற பேரு இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை, அவளும் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. வெளியே தேர்வீதியில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். செவந்தி மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, எழுத்துத் தெரியாத அந்தப் பக்கத்தோடு காதை ஒட்டி வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள், பிறகு முகத்தைத் திருப்பி, "இன்னும் இல்லம்மா" என்றாள்.

புத்தகம் ஒன்றும் பேசவில்லை. அது இங்கிலீஷ் புத்தகம்.